பிழை ஆருடையது என்று கேட்காதவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அவர் கோபிக்கமாட்டார். "ஏன் எழுதினனீங்கள்?" என்று கேட்பார். நான் சொல்லும் பதிலைத் தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்பார். அதோடு சரி. கோபிக்கத் தெரியாத மனிதர் என்று அவரைச் சொல்லலாம். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம் என்று விளங்க எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

ஜெர்மனியில், எசன் நகரில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் எங்களுக்கு நேர் மேலே அவர்களுடைய வீடு. ஒருநாள் காலை தேத்தண்ணி வைக்கப் போனபோது எங்கள் குசினிச் சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அது பெருத்து, நடுவில் வயிறு போலத் தொங்கியது. என் கணவர் மேலே போய் மணியடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றுதான் நான் அவரை அருகில் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய, மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டு நெடுநேரம் சீலிங்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இதில ஒரு சின்ன ஓட்டை போட விடுவீங்களோ? தண்ணி ஒரு பக்கத்தால வெளியால வந்தா மற்ற இடம் ஊறாது."

ஓட்டை போட்டார். வாளி வைத்தார். மேலே போய்த் திரும்பி வந்தார். "உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் போற குழாய். உள்ளுக்க இருக்கிற ரப்பர் வளையம் வெடிச்சிருக்கு. மாத்திப்போட்டன். இனி வராது." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஏணியும் பெயின்றுமாக வந்து, பழுதான இடத்துக்கு மட்டுமில்லாமல் முழுச் சீலிங்குக்கும் அடித்து, நிலத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

"பெயின்ற் அடிக்கத் தெரியுது," என்றார் என் கணவர். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லத் தெரியேல்லை."

அதே வருடம் என் கணவர் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது வாசலில் நின்ற அவருடைய சைக்கிளை இடித்துவிட்டார். பின்சில்லு வளைந்துபோனது. கணவர் மேலே போய், நாங்கள் அண்ணை என்று கூப்பிடும் அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணை இறங்கி வந்தார். சில்லைப் பார்த்தார். பிறகு கார் நின்ற மூலையைப் பார்த்தார்.

"இஞ்ச லைற் இல்லை. அதுதான்."

"இல்லை அண்ணை, நான்தான் பாக்காம எடுத்தனான். என்ர பிழை."

"உங்கட பிழை எண்டு வைச்சா, அடுத்த கிழமை வேற ஆரும் இடிப்பினம். அது அவையின்ர பிழை. அதுக்கடுத்த கிழமை இன்னொராள். லைற் இல்லாத மூலை அப்பிடியே இருக்கும்."

அவர் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதி எழுதி, கடைசியில் அந்த மூலைக்கு லைற் வந்தது. என் கணவருக்கு ஆறுதலே இல்லை. "அவர் என்னை ஏசி நாலு பேச்சுப் பேசியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்," என்று பலநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய காப்புறுதிக் கொம்பனியில் அண்ணைக்கு வேலை. அங்கே வேலை செய்கிறவர்களுடைய கணினிகள் மக்கர் பண்ணினால் அவருக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் எப்போதும் சொல்வது ஒன்றைத்தான்.

"ஒருதரும் 'கணினி வேலை செய்யேல்லை' எண்டு தொடங்கிறேல்லை தங்கச்சி. 'நான் ஒண்டும் செய்யேல்லை' எண்டுதான் தொடங்குவினம். பயம். ஆரிட பிழை எண்டு கேப்பினம் எண்ட பயம். பயந்தவன் ஒளிப்பான். ஒளிச்சாக் காரணம் பிடிபடாது."

அவருடைய மனைவி அவருக்கு நேர் எதிர். பேக்கரி ஒன்றில் வேலை செய்தார். சிரித்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அழுதாலும் கேட்கும். கணவரைப் பற்றி என்னிடம் ஒருநாள் சொன்னார்: "கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனிசனோட ஒரு சண்டையை முழுசாப் பிடிச்சு முடிச்சதில்லை. நான் தொடங்குவன். இவர் 'ஏன் அப்பிடி நடந்தது?' எண்டு கேப்பார். நான் சொல்லத் தொடங்குவன். சொல்லி முடிய என்ர கோபம் எங்க போனது எண்டே தெரியாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "சிரிப்பில்லை, உண்மையா. எனக்கு அது வேணும். ஒரு சண்டை வேணும்," என்றார்.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் நான் முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்யத் தொடங்கினேன். அதற்கு முன் வருடக்கணக்காக அலுவலகங்கள் துப்புரவு செய்தவள். வகுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு என் மகளின் வயது. கடைசி வருடத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அது சரிவராவிட்டால் சோதனைக்கு இருக்க விடமாட்டார்கள். நான் எடுத்த விடயம், முதியவர்கள் விழுவது. நான் பயிற்சி எடுத்த முதியோர் இல்லத்தில் அடிக்கடி விழுந்துகொண்டிருந்த ஓர் அம்மாவைப் பற்றி எழுதினேன். ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு வசனமும் எனக்கு ஒரு மலை. அகராதியைப் பார்த்து, அழித்து, திரும்ப எழுதி, ஒரு பக்கம் முடிந்தால் ஒரு தேத்தண்ணி குடிப்பேன்.

அந்தக் கட்டுரை பாதியைத் தாண்டியபோது, எழுதும் புரோகிராம் தானாக மூடத் தொடங்கியது. எழுதிக்கொண்டிருப்பேன். திரை ஒருமுறை வெள்ளையாகும். பிறகு ஒன்றும் இருக்காது. திரும்பத் திறந்தால் கடைசியாக எழுதிய பந்தி போயிருக்கும். இங்கே கணினி இப்படி ஆனால் 'விழுந்துவிட்டது' என்றுதான் ஜெர்மன்காரர் சொல்வார்கள். விழுவதைப் பற்றி எழுத எழுத, எழுதியதும் விழுந்துகொண்டிருந்தது.

"நீர் கண்டதையும் அமத்திறீர்," என்றார் கணவர். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் தொலைபேசியில், "அம்மா, நீங்கள் என்னவோ பிழையா டிலீற் பண்ணியிருப்பீங்கள்," என்றாள். பாடசாலையில் சொன்னேன். இன்னொரு கணினியில் எழுதும்படியும், நாள் நீட்டித் தர முடியாது என்றும் சொன்னார்கள். எனக்கும் அது என் கையின் பிழை என்றே பட்டது. இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேலை என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. ஒருநாள் ஒரு முழுப் பக்கம் போனபோது, மேலே போய் மணியடித்தேன்.

அண்ணை இறங்கி வந்தார். நான் கணினியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை என் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.

"நீங்கள் எழுதுங்கோ. நான் பாக்கிறன்."

"திரும்ப விழுந்திடும் அண்ணை."

"விழட்டும். விழுறதைப் பாக்கத்தானே வந்தனான்."

முதல் வேலையாகக் கட்டுரைக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தார். நான் எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வெட்கமாகக்கூட வந்தது. பிறகு திரை வெள்ளையாகி, எல்லாம் மறைந்தது. "நல்லது," என்றார் அவர், உண்மையான சந்தோசத்தோடு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ர பிழைதான் அண்ணை. நான் என்னவோ அமத்திப்போட்டன்."

"ஒரு எழுத்தைத்தானே அமத்தினீங்கள். நான் பாத்தனான். எழுதிற புரோகிராமில எழுத்தை அமத்தாம வேற எதை அமத்திறது?"

யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அழுகை நின்றுவிட்டது.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். எழுதும் புரோகிராமோடு ஒட்டியிருந்த துணைப் புரோகிராம்களை நிறுத்திவிட்டு, கட்டுரையைத் திறந்து எழுதச் சொன்னார். அப்போதும் விழுந்தது. புதிதாக ஒரு வெற்றுப் பக்கம் திறந்து, வாயில் வந்ததை எழுதச் சொன்னார். நான் மரக்கறிகளின் பெயரெல்லாம் எழுதினேன். விழவில்லை. "அப்ப என்ர கட்டுரைதான் பழுதாப்போட்டுது," என்றேன். அவர் பிரதியை மேலே தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கணினியில் திறந்து வைத்தார். பொழுதுபடும்வரை அது விழவேயில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கட்டுரை பழுதில்லை. புரோகிராமும் பழுதில்லை. அப்ப வேற என்னவோ இருக்கு." அதைச் சொன்னபோது அவருடைய முகம், விருந்துக்குப் போகிறவரின் முகம் போல இருந்தது. "யோசிச்சுச் சொல்லுங்கோ. இது விழத் தொடங்க முன்னம் இந்த வீட்டுக்குப் புதுசா என்ன வந்தது?"

"ஒண்டும் வரேல்லை."

"என்ன போனது?"

நான் யோசித்தேன். குசினி வாசலில் நின்ற என் கணவர் மெல்லச் செருமினார். "ஒரு பிறின்ரர்," என்றார். வேலையிடத்தில் கழித்துவிட்ட பழைய பிறின்ரர் ஒன்றை, எனக்குக் கட்டுரை அச்சடிக்க உதவும் என்று தூக்கிக்கொண்டு வந்து என் கணினியோடு பொருத்தியிருக்கிறார். அது ஒரு பக்கம்கூட ஒழுங்காக அடிக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் கொண்டுபோய் எறிந்துவிட்டார். மெசின் போய்விட்டது. அதற்கான புரோகிராம் கணினிக்குள் அப்படியே இருந்தது.

அண்ணை எனக்கு விளங்கப்படுத்தினார். பக்கம் எங்கே முடிய வேண்டும், அடுத்தது எங்கே தொடங்க வேண்டும் என்று கணக்குப் பார்க்க, எழுதும் புரோகிராம் பிறின்ரரிடம் கேட்குமாம். வெற்றுப் பக்கத்தில் கேட்க அவ்வளவு ஒன்றுமில்லை. படமும் அட்டவணையும் உள்ள நீண்ட கட்டுரையில் திரும்பத் திரும்பக் கேட்கும். கேட்கிற இடத்தில் இருந்ததோ அரைகுறையாகப் போட்ட, பழுதான பிறின்ரர் புரோகிராம். அவர் அதைக் கழற்றினார். நான் எழுதினேன், விழவில்லை. எனக்குச் சந்தோசம். அவருக்குப் போதவில்லை. அதைத் திரும்பப் போட்டார். எழுதச் சொன்னார். விழுந்தது. திரும்பவும் கழற்றினார்.

"இப்பதான் சரி," என்றார். "எங்களுக்கு வேணுமெண்ட நேரம் விழப்பண்ணத் தெரிஞ்சாத்தான் காரணம் பிடிபட்டது எண்டு அர்த்தம்."

நான் கணவர் பக்கம் திரும்பினேன். இத்தனை நாளாக 'கண்டதையும் அமத்திறீர்' என்று கேட்ட பேச்சுக்கெல்லாம் என்னிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. அண்ணை கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "உங்களுக்கு அச்சடிக்க எண்டுதானே தங்கச்சி கொண்டுவந்தவர்." நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போதுதான் மேல்வீட்டு அக்காவின் கஷ்டம் எனக்கு முழுமையாக விளங்கியது.

போக எழும்பியவர் திரையைப் பார்த்து நின்றார். நான் எழுதியிருந்த ஒரு வசனத்தைச் சத்தமாக வாசித்தார். அந்த அம்மா கவனயீனமாக நடப்பதால் விழுகிறார் என்று நான் ஜெர்மனில் எழுதியிருந்தேன்.

"இந்த அம்மா எப்ப எப்ப விழுறவ?"

"அடிக்கடி அண்ணை."

"அடிக்கடி எண்டா எப்ப?"

அடுத்த நாள் இல்லத்தில் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மா விழுந்ததெல்லாம் குளிக்க வார்த்த நாட்களில். குளிப்பாட்டிய பிறகு காய்ந்த கால்களுக்கு நாங்கள் களிம்பு பூசுவோம். அப்படியே செருப்பை மாட்டி விடுவோம். பாதம் செருப்புக்குள்ளேயே வழுக்கியிருக்கிறது. எல்லோரும் அன்பாகத்தான் பூசினோம். களிம்பை இரவு படுக்கும்போது பூசுவதென்று மாற்றினோம். அந்த அம்மா விழுவது நின்றது. கட்டுரையில் அந்த வசனத்தை அழித்துவிட்டு, அந்தப் பகுதியை முதலில் இருந்து எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. சோதனையும் சித்தியடைந்தேன். இன்றைக்கும் அதே இல்லத்தில் வேலை செய்கிறேன்.

இவ்வளவோடு நிறுத்தினால் அவர் ஒரு தெய்வம் போலத் தோன்றுவார். அப்படியில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். பேர்லின் மாப்பிள்ளை. இருவரும் விரும்பியே சம்மதித்தார்கள். மண்டபம் எடுத்து, சேலையும் எடுத்த பிறகு, மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். அக்கா அழுத அழுகை எங்கள் வீட்டுக்குக் கேட்டது. சொந்தக்காரர் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, பிழை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அண்ணை எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: "ஒருதரிலயும் பிழை இல்லை. ஒத்துவரேல்லை." மாப்பிள்ளையின் தகப்பன் தொலைபேசி எடுத்தபோதும் அதே அமைதியான குரலில் அதையேதான் சொன்னாராம்.

மகள் ஒருநாள் என் குசினியில் வந்து இருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த, கெட்டிக்காரப் பிள்ளை.

"அன்ரி, அப்பா என்னட்ட என்ன கேட்டவர் தெரியுமோ? அவன் எப்ப இருந்து மாறினவன், அதுக்கு முன்னம் என்ன நடந்தது எண்டு கேட்டவர். நான் என்ன லாப்டொப்பே?"

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன்ர வீட்டுக்காரரை ஒருக்கா ஏசிப் பேசியிருக்கலாம். எனக்காக ஒருக்கா. பிழையாப் பேசினாலும் பரவாயில்லை."

மியூனிக்கில் வேலை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். தாயோடு மட்டும் தொலைபேசியில் கதைத்தாள். அண்ணை கொஞ்சம் கூனிப்போனார். என்னிடம் ஒருமுறை, "காரணம் பிடிபடுதில்லை தங்கச்சி. நான் அவவுக்கு ஒண்டும் சொல்லேல்லையே," என்றார். அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அதை அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

அந்த மாரிகாலத்தில் நடைபாதை உறைந்திருந்த ஒரு காலையில் அவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திர சிகிச்சை முடிந்து, வீட்டுப் படிகளை ஏற முடியாததால், சில வாரங்களுக்கு எங்கள் இல்லத்துக்கே பராமரிப்புக்கு வந்தார். எனக்கு அவர் ஒரு நோயாளியாகத் தெரியவேயில்லை. கட்டிலின் உயரத்தைப் பற்றியும் மணியின் கயிற்றைப் பற்றியும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலை என்னோடு வேலை செய்யும் குரோஷியப் பெண் அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். பக்கத்து அறைகள் இரண்டில் மணி விடாமல் அடிக்க, ஒரு நிமிடம் என்று விட்டுவிட்டு ஓடினாள். அவர் தானாக எழும்பப் பார்த்து விழுந்தார். நல்லகாலம், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றி மட்டும் வீங்கிவிட்டது. அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது அவர் கட்டிலில் படுத்தபடி, "ரெண்டு அறையில மணி, ஒரு ஆள். அவ என்ன செய்யிறது?" என்றார். அதையே அவளுக்கும் ஜெர்மனில் சொல்லித் தேற்றினார்.

மத்தியானம் அக்கா வந்தார். நெற்றியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டார்.

"ஆர் விட்டது? எந்தப் பிள்ளை? நான் அவவோட கதைக்க வேணும்."

"அவவில பிழையில்லை," என்றார் அண்ணை. "ரெண்டு அறையில மணி அடிச்சது. ஆள் காணாது."

"அப்ப இந்த இல்லத்துப் பெரியவையோட கதைக்கிறன்."

"அவைக்கும் ஆள் கிடைக்குதில்லை."

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் ஆரை ஏசிப் பேசிறது? சொல்லுங்கோ. ஐஸில விழுந்தீங்கள், ஐஸைப் பேச ஏலாது. இஞ்ச விழுந்தீங்கள், ஆளில்லை. என்ர பிள்ளையின்ர கலியாணம் நிண்டுபோச்சுது, அதுக்கும் ஒருதரிலயும் பிழையில்லை. நான் இந்தக் கோபத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தேன். அண்ணை மனைவியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். சீலிங்கையும் சைக்கிள் சில்லையும் பார்த்தது போன்ற பார்வை இல்லை அது.

"என்னைப் பேசும்," என்றார்.

"என்ன?"

"என்னைப் பேசும். நான் கேக்கிறன்."

அக்கா கதிரையில் இருந்தார். பேசத் தொடங்கினார். சப்பாத்து மாற்றச் சொன்னதைக் கேட்காமல் போனதில் தொடங்கி, சொந்தக்காரர் முன்னால் தான் தனியாக அழுததுவரை, ஒன்றையும் விடவில்லை. அவர் ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். கடைசியில் அக்கா குரல் தளர்ந்து, "அண்டைக்கு மாப்பிள்ளையின்ர தகப்பன் கதைச்சபோது பிள்ளை கதவடியில நிண்டது. நீங்கள் ஒரு சொல்லாவது அவவுக்காகக் கோபிச்சிருக்க வேணும்," என்றார்.

அவர் ஓம் என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் வைத்தார்.

"அது என்ர பிழை," என்றார்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போகும்போது என்னிடம் வந்து, அவர் மகளோடு தொலைபேசியில் கதைத்ததாகச் சொன்னார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அக்காவின் முகம் களைத்திருந்தது, ஆனால் அன்று அவர் படிகளில் மெல்லப் பாடிக்கொண்டு இறங்கினார்.

அடுத்த நாள் மகள் தோளில் பையோடு ரயிலில் இருந்து நேரே வந்து நின்றாள். "எந்த அறை அன்ரி?" என்றாள். காட்டினேன். பின்னேரம் அவருடைய நடைப்பயிற்சிக்கு நான் போனபோது அறையில் யாரும் இல்லை. தாழ்வாரத்தின் அந்தக் கடைசியில் இரண்டு பேரும் மிக மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மகள் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். நான் அவர்களைக் கூப்பிடாமல் அடுத்த அறைக்குப் போனேன்.